சிரிகித் ராணி மாமன் மகளா, மகள் முறையா?

கேள்வி: எங்கள் மகளிர் காலாண்டிதழில் தாய்லாந்தின் ராணி சிரிகித்தைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரையும், ஒரு பக்கத்துக்குக் கொடிவழிப் படமும் போடுகிறோம். எழுதியவர் மூன்று நான்கு இடங்களிலிருந்து செய்தி திரட்டியிருக்கிறார். எல்லாம் ஒன்றோடொன்று முட்டுகின்றன. மன்னர் பூமிபோல் தன் மாமன் மகளை மணந்தார் என்கிறது ஒரு குறிப்பு. ஆங்கிலக் குறிப்பு ஒன்றை மென்பொருளில் போட்டால் 'ஒருமுறை அகற்றப்பட்ட முதல் உறவினர்' என்று வருகிறது. பிறந்தபோதே இளவரசி என்று ஒன்றில், சாதாரணக் குடும்பத்துப் பெண் என்று இன்னொன்றில். பிறந்த ஆண்டு 2475 என்று ஒரு பக்கம் சொல்கிறது. 1956இல் நாட்டை ஆண்டார் என்றும் இருக்கிறது. அச்சுக்குப் போக பத்து நாள்தான் பாக்கி. படத்தை எங்கிருந்து தொடங்குவது? பாங்காக்கில் இருக்கும் வாசகர்களுக்கும் சில பிரதிகள் போகும். (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: மாமன் மகள் என்ற வரியை இன்றே அடித்துவிடுங்கள். இருவருக்கும் உறவு உண்டு. ஆனால் அது மாமன் வழி உறவல்ல, பங்காளி வழி.

படத்தை மன்னர் சுலாலங்கோர்னிடமிருந்து தொடங்குங்கள். ஐந்தாம் ராமா என்று குறிக்கப்படுபவர் இவர்தான். 1868 முதல் 1910 வரை ஆண்டவர். அவருக்கு எழுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். எல்லாரையும் போட முயன்றால் பக்கம் போதாது, தேவையும் இல்லை. இரண்டே கிளை போதும்:

சுலாலங்கோர்ன் – மகிதோல் – பூமிபோல்

சுலாலங்கோர்ன் – கிதியாகரா – நக்கத்ர மங்கள – சிரிகித்

மகிதோலுக்கும் கிதியாகராவுக்கும் அப்பா ஒருவர், அம்மா வேறு வேறு. கிதியாகரா பிறந்தது 1874இல், மகிதோல் 1892இல். அதனால் கிதியாகரா பூமிபோலுக்குப் பெரியப்பா. பெரியப்பா மகன் நக்கத்ர மங்கள அண்ணன் ஆகிறார். அந்த அண்ணனின் மகள்தான் சிரிகித். நம் கணக்கில் மகள் முறை. திருப்பிச் சொன்னால், சிரிகித்துக்குப் பூமிபோல் சித்தப்பா முறை!

உங்கள் வாசகிகளில் பாதிப் பேர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் விரல்விட்டு எண்ணி இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய குறிப்பை எழுதியவரும் இதைக் கண்டு தடுமாறித்தான் 'மாமன் மகள்' என்று மாற்றிப் போட்டாரோ என்னவோ. மூடி மறைக்க வேண்டியதில்லை. கட்டுரையில் இப்படி ஒரே வரி எழுதுங்கள்: 'மன்னர் சுலாலங்கோர்ன் பூமிபோலுக்குத் தாத்தா, சிரிகித்துக்குக் கொள்ளுத்தாத்தா.' முறைப்பெயர் எதுவும் தேவைப்படாத வரி. தப்பு வரவும் வழியில்லை. மென்பொருள் 'அகற்றப்பட்ட' என்று சொன்னது ஒரு தலைமுறை இறங்கியதைத்தான். யாரும் யாரையும் அகற்றவில்லை. தலைமுறை ஒன்று தள்ளிப்போனாலும் இருவருக்கும் வயது வித்தியாசம் ஐந்துக்கும் குறைவு. கிதியாகரா தம்பியைவிட ஏறக்குறைய 18 வயது மூத்தவர், அவருடைய கிளை அதனால் சீக்கிரமே இறங்கிவிட்டது.

இன்னொரு வழியிலும் உறவு உண்டு. அங்கேதான் மாமன் என்ற சொல் எட்டிப்பார்க்கிறது. மகிதோலின் அம்மா ராணி சவாங் வத்தனா. அவருடைய உடன்பிறந்த சகோதரர் இளவரசர் தேவவோங். இந்தத் தேவவோங்கின் மகள் அப்சரசமானைத்தான் கிதியாகரா மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர் நக்கத்ர மங்கள. ஆக அப்சரசமான் மகிதோலுக்கு அசல் மாமன் மகள், முறைப்பெண். ஆனால் முறைப்பெண் பெற்ற பிள்ளை மகிதோலுக்கு மகன் முறைதானே? அப்படியென்றால் பூமிபோலுக்கு நக்கத்ர மங்கள மறுபடியும் சகோதரர், சிரிகித் மறுபடியும் மகள் முறை. எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

மெய்யான மாமன் மகள் திருமணம் இந்தக் குடும்பத்தில் அடுத்த தலைமுறையில் நடந்தது. சிரிகித்தின் அண்ணன் அதுல்யகித். அவர் மகள் சோம்சவலி. சிரிகித்தின் மகன் வஜிரலோங்கோர்ன், இன்றைய மன்னர், 1977 ஜனவரி 3 அன்று சோம்சவலியை மணந்தார். அம்மாவின் அண்ணன் மகள், நூற்றுக்கு நூறு மாமன் மகள். அந்த மணம் பிறகு முறிந்தது. அவர்களின் மகள் பஜ்ரகிதியாபா 1978 டிசம்பர் 7 அன்று பிறந்தவர். பழைய குறிப்பு இந்த இரண்டு திருமணங்களையும் ஒன்றாகக் குழப்பியிருக்கவும் கூடும்.

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணம் தாய்லாந்து மொழியின் உறவுப் பெயர்கள். நாம் ஆண்வழி, பெண்வழி என்று பிரிப்போம். அவர்கள் மூத்தவர், இளையவர் என்று பிரிக்கிறார்கள். 'லுங்' என்றால் அப்பாவின் அண்ணனும்தான், அம்மாவின் அண்ணனும்தான். நமக்கு ஒருவர் பெரியப்பா, மற்றவர் மாமா. 'ஆ' என்றால் அப்பாவுக்கு இளையவர், ஆணோ பெண்ணோ. சித்தப்பா என்றும் வரும், அத்தை என்றும் வரும். 'நா' என்றால் அம்மாவுக்கு இளையவர், சித்தியோ மாமாவோ. ஆகவே மொழிபெயர்ப்பில் மாமா என்றோ அத்தை என்றோ வந்தால் நம்பாதீர்கள். பெற்றோர் பெயரைத் தேடிப் பிடித்து நீங்களே முறை கட்டுங்கள். தாத்தா பாட்டி விஷயத்தில் மட்டும் அந்த மொழி துல்லியமானது. 'பூ' அப்பாவின் அப்பா, 'யா' அப்பாவின் அம்மா, 'தா' அம்மாவின் அப்பா, 'யாய்' அம்மாவின் அம்மா. நாம் எல்லாரையும் தாத்தா, பாட்டி என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

படம் வரைபவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். மகிதோலின் அப்பா சுலாலங்கோர்ன், அம்மா சவாங் வத்தனா. இருவருமே மன்னர் மோங்குத்தின் பிள்ளைகள், தாய் வேறு. சுலாலங்கோர்ன் இப்படித் தன் மாற்றாந்தாய் வழித் தங்கைகள் நால்வரை மணந்தார். சுனந்தா, சவாங் வத்தனா, சவோவபா மூவரும் ஒரு தாய் மக்கள், சுகுமால் வேறு தாய். காரணம் பட்டம். மன்னருக்கும் அரச ரத்தத்தில் வந்த ராணிக்கும் பிறந்தால்தான் பிள்ளை 'சாவ் ஃபா', அதாவது மேல்நிலை இளவரசர். மகிதோல் அப்படிப் பிறந்தவர். கிதியாகராவின் தாய் ஊம் அரச குடும்பத்தவர் அல்ல. அதனால் அவர் ஒரு படி கீழே 'பிரா ஓங் சாவ்'. மோங்குத்தையும் படத்தில் சேர்ப்பதென்றால் அவருக்கு இரண்டு பெட்டி போடாதீர்கள். ஒரே பெட்டி, அதிலிருந்து இரண்டு கோடு, அந்த இரண்டு கோடும் கீழே இரட்டைக்கோட்டால் மணத்தில் சேரட்டும். இரண்டு பெட்டி போட்டால் இரண்டு மோங்குத்கள் இருந்ததாக வாசகர் எடுத்துக்கொள்வார். மொத்தம் இருபது பெட்டிக்கு மேல் போனால் உங்கள் பக்க அளவில் எழுத்து நுணுங்கிவிடும்.

இளவரசியா, சாதாரணப் பெண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே முழுச் சரியில்லை. தாய்லாந்து அரச வம்சத்தில் பட்டம் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துகொண்டே வரும். பிரா ஓங் சாவின் பிள்ளை 'மொம் சாவ்'. இளவரசர் என்ற கணக்கு அதோடு முடிகிறது. மொம் சாவின் பிள்ளை 'மொம் ராஜவோங்', நம் ராஜவம்சம் என்ற சொல்தான். மொம் ராஜவோங்கின் பிள்ளை 'மொம் லுவாங்'. அவர் பிள்ளைக்குப் பட்டமே இல்லை, குடும்பப் பெயருக்குப் பின்னால் 'ந அயுத்யா' என்று ஓர் ஒட்டு மட்டும் மிஞ்சும். பட்டம் அப்பாவைப் பார்த்துத்தான் வரும், அம்மா எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் சரி.

சிரிகித்தின் அம்மா வழியை எடுத்துக்கொண்டால் இந்தத் தேய்வு அப்பட்டமாகத் தெரியும். இரண்டாம் ராமாவின் மகன் வோங்சாதிராச் சனித் இளவரசர். அவர் மகன் சாய், பிறப்பால் மொம் சாவ். சாயின் மகன் சதான், மொம் ராஜவோங். சதானின் மகள் புவா, மொம் லுவாங். இன்னும் ஒரு படி இறங்கினால் பட்டமே போய்விடும். ஆனால் மொம் லுவாங் புவா மணந்தது மொம் சாவ் நக்கத்ர மங்களவை. அப்பா மொம் சாவ் என்பதால் மகள் சிரிகித் மொம் ராஜவோங். அம்மாவைவிட ஒரு படி மேல்! இதற்கு நேர்மாறு மேலே சொன்ன சோம்சவலி. அவர் அம்மா மொம் சாவ், அப்பா அதுல்யகித் மொம் ராஜவோங். மகள் பிறந்தது மொம் லுவாங்காக. அம்மாவைவிட இரண்டு படி கீழே.

எனவே 'அரச வழித்தோன்றல், ஆனால் இளவரசிப் பட்டம் இல்லாதவர்' என்று எழுதுங்கள். மொம் ராஜவோங் என்பதை அவர் பெயரின் பகுதியாக நினைத்து 'மொம் அம்மையார்' என்றெல்லாம் சுருக்கிவிட வேண்டாம். பட்டமும் பெயரும் வேறு. முழுமையாக: மொம் ராஜவோங் சிரிகித் கிதியாகரா. கடைசிச் சொல் குடும்பப் பெயர், தாத்தா இளவரசர் கிதியாகராவின் பெயரிலிருந்து வந்தது. அந்தத் தாத்தா பாலி, தாய்லாந்து, ஆங்கிலம், சமஸ்கிருதம் நான்கையும் சேர்த்து அகராதி தொகுத்தவர். கட்டுரையில் ஒரு வரி கொடுக்கத் தக்க ஆள். சந்தபுரி இளவரசர் என்ற பட்டப்பெயர் தாத்தாவுக்கும் உண்டு, பிற்பாடு அப்பாவுக்கும் கிடைத்தது. ஆண்டைப் பாராமல் எடுத்தால் அப்பாவைத் தாத்தாவாக்கிவிடுவீர்கள்.

சிரிகித் என்ற பெயரை வைத்தவர் ராணி ரம்பை பர்ணி, ஏழாம் ராமாவின் ராணி. கிதியாகரா குடும்பத்தின் சிறப்பு என்ற பொருளில். சிரி என்பது ஸ்ரீ, கித் என்பது பாலியில் கித்தி, நம் கீர்த்தி. எழுத்தில் கடைசி அசை உண்டு, ஆனால் அதன் தலையில் ஊமைக்குறி போட்டிருப்பதால் ஒலிப்பதில்லை. ஆகவே சிரிகிட் அல்ல, சிரிகித். அதற்காக ஸ்ரீகீர்த்தி என்று 'திருத்தி'விட வேண்டாம், எவருக்கும் ஆள் அடையாளம் தெரியாது. பூமிபோல் என்பது பூமிபலம். சொல்லின் கடைசி லகரமும் ரகரமும் அங்கே னகரமாக ஒலிக்கும் என்பதால் வாய்மொழியில் பூமிபோன். சுலாலங்கோர்ன் இதே விதியால் சூளாலங்கரண என்பதிலிருந்து வந்தது. பத்திரிகைகளில் பூமிபோல் நிலைத்துவிட்டது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டு வடிவம் வராமல் இருந்தால் போதும்.

1956க்கு வருவோம். 'நாட்டை ஆண்டார்' என்பது தவறு. பூமிபோல் அக்டோபர் 22 முதல் நவம்பர் 5 வரை துறவு பூண்டு பிக்குவாக இருந்தார். அந்தப் பதினைந்து நாளும் சிரிகித் அரசப் பிரதிநிதி, அவ்வளவுதான். அதற்காக அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று 'பரமராஜினிநாத்' என்ற பட்டம் கிடைத்தது. கடைசியில் ஒட்டிய 'நாத்' நம் நாதன் என்பதன் வேர்தான். அந்த ஓர் அசைதான் பிரதிநிதியாக இருந்த ராணியை மற்ற ராணிகளிடமிருந்து பிரிப்பது. இதற்கு முன் அந்தப் பட்டம் பெற்றவர் சவோவபா மட்டும், 1897இல் சுலாலங்கோர்ன் ஐரோப்பா போயிருந்தபோது. சிரிகித்தின் பட்ட வரிசையைத் தேதியோடு ஒரு சிறு பெட்டியாகப் போடலாம்: 1950 ஏப்ரல் 28 திருமணத்தன்று ராஜினி, மே 5 முடிசூட்டன்று பரமராஜினி, 1956இல் பரமராஜினிநாத், மகன் முடிசூடிய பின் 2019இல் 'பரமராஜஜனனி பன் பீ லுவாங்', அதாவது ராஜமாதா.

இந்த 'பன் பீ லுவாங்' என்பதைத் தேடினால் சவோவபாவும் வருவார், அவருக்கும் அதுவே அடைமொழி. புகைப்படம் எடுக்கும்போது ஆண்டைப் பாருங்கள், சவோவபா 1919இலேயே இறந்துவிட்டவர். பூமிபோலின் அம்மா சிநகரிந்திராவையும் பல இடங்களில் ராஜமாதா ராணி என்று எழுதுகிறார்கள். அவர் ஒருநாளும் ராணியாக இருந்ததில்லை. கணவர் மகிதோல் இளவரசராகவே இறந்தார். மன்னரின் தாயார் என்று மட்டும் போடுங்கள்.

2475 என்பது புத்த ஆண்டு. 543 கழித்தால் 1932. சிரிகித் பிறந்தது ஆகஸ்ட் 12 என்பதால் நேராகக் கழிக்கலாம். எல்லாத் தேதிக்கும் இது சரிவராது. 1889 முதல் 1940 வரை அங்கே புத்தாண்டு ஏப்ரல் 1 அன்றுதான் பிறந்தது. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளுக்கு 542தான் கழிக்க வேண்டும். மகிதோலின் பிறந்த நாள் பழைய நூல்களில் 2434 ஜனவரி 1. கண்ணை மூடிக் கழித்தால் 1891 வரும், சரியானது 1892. உங்கள் எழுத்தாளர் எடுத்துவைத்த தேதிகளில் இந்த மூன்று மாதத்தில் விழுபவற்றை மட்டும் பென்சிலால் சுழித்துத் திரும்பப் பாருங்கள். நாட்டின் பெயரும் அப்போது சியாம். தாய்லாந்து ஆனது 1939இல்.

வாழ்க்கைக் கதைக்கு நான்கு பக்கத்தில் நிறைய இடமில்லை, ஆகவே இவை போதும். முடியாட்சியின் வரம்பற்ற அதிகாரம் பறிபோன 1932 ஜூன் 24க்கு ஏழே வாரம் கழித்துப் பிறந்தார், பாங்காக்கில் அம்மா வழித் தாத்தா வீட்டில். அப்பா வாஷிங்டன் தூதரகத்துக்கு அனுப்பப்பட்டார். பின்னாலேயே அம்மாவும் போக, குழந்தை தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது. பிறகு அப்பா ஐரோப்பாவில் தூதரான காலத்தில் பூமிபோலுடன் பழக்கம். 1948 அக்டோபர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகர் அருகே நடந்த கார் விபத்தில் பூமிபோலின் வலக்கண் பார்வை போனது. அதன் பின் சிரிகித் லோசானிலேயே தங்கிப் படித்தார். 1949 ஜூலை 19 நிச்சயதார்த்தம். மணநாளில் அவருக்கு வயது 17 என்பதால் பதிவேட்டில் பெற்றவர் கையெழுத்தும் வேண்டியிருந்தது, அப்பா போட்டார். சடங்கை முன்னின்று நடத்தியவர் மணமகனின் பாட்டி சவாங் வத்தனா, இடம் அவருடைய ஸ்ரா பதும் அரண்மனை. மேலே சொன்ன இரண்டு கிளைகளும் அந்த மூதாட்டியின் கண்முன் ஒன்றாயின. தான் பெற்ற பிள்ளைகள் எட்டுப் பேரையும் அதற்கு முன்பே இழந்துவிட்டவர் அவர். படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இந்த இடத்தைச் சற்று விரித்து எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் நால்வர்: உபோல்ரத்னா (1951), வஜிரலோங்கோர்ன் (1952), சிரிந்தோர்ன் (1955), சுலாபோர்ன் (1957). உபோல் என்பது உற்பலம், தாமரை. பாட்டி புவாவின் பெயருக்கும் தாமரை என்றுதான் பொருள். உபோல்ரத்னா 1972இல் அமெரிக்கர் ஒருவரை மணந்தபோது அரச பட்டத்தைத் துறந்தார். படத்தில் அவர் பெட்டியைப் போடுங்கள், பட்டத்தைப் போடாதீர்கள். பூமிபோல் மறைந்தது 2016 அக்டோபர் 13, சிரிகித் 2025 அக்டோபர் 24, 93ஆம் வயதில்.

பாங்காக்குக்குப் பிரதி போவதால் ஒரு முன்னெச்சரிக்கை. தாய்லாந்துக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு மன்னரையும், ராணியையும், பட்டத்து வாரிசையும், அரசப் பிரதிநிதியையும் இழிவுபடுத்துவதற்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை என்கிறது. உங்கள் கட்டுரையின் தேதிகளும் உறவுகளும் பிரச்சினை அல்ல. குடும்பப் பூசல் பற்றிய வதந்தி, மணமுறிவு பற்றிய கிசுகிசு இவற்றில் ஒரு வரி கூட வேண்டாம். அந்த மகள் முறை விஷயத்தையும் கட்டுரையில் கேலியாக்காதீர்கள். மாட்டிக்கொள்வது அங்கே பிரதியைக் கையில் வைத்திருக்கும் உங்கள் வாசகர்தான்.

நீங்கள் அனுப்பிய அட்டைப்பட வரைவில் இரண்டு திருத்தம். படக்குறிப்பில் 'பட்டுச்சேலையில் ராணி' என்றிருக்கிறது. அது சேலை அல்ல. இடத்தோளில் போட்டுப் பின்னால் தொங்குவது 'சபாய்' என்னும் தனித்துணி, கீழே முன்மடிப்பு வைத்த பாவாடை வேறு, இடையில் ஒட்டியாணம். 1960இல் மேலைநாட்டுப் பயணத்தை ஒட்டி அவர் முன்னின்று வகுத்த எட்டு உடை வகைகளில் இது 'சக்ரி'. அடுத்தது தலைப்பு. 'தாய் ராணி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தமிழில் அதைப் படிப்பவர் ராஜமாதா என்றுதான் எடுத்துக்கொள்வார், படத்தில் இருப்பதோ இருபத்தெட்டு வயதுப் பெண். 'தாய்லாந்து ராணி' என்று மாற்றுங்கள்.